சூடு எங்கே பிறக்கிறது? பீன்யா பட்டறைகளில் உயர் அதிர்வெண் மின்சாரம் செய்யும் வேலை

அரிவாள் அடிக்கிற கொல்லருக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. வாய்ப்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாலு கிளை வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். முதுகுப்பக்கமும் அதே கெட்டியாக இருந்துவிட்டால், கட்டையில் பட்ட வேகத்தில் ஒடிந்துவிடும். அதனால் நல்ல கொல்லர் முழு அரிவாளையும் ஒரே மாதிரி முக்கி எடுப்பதில்லை. உலையில் இரும்பின் நிறம் பார்த்து, விளிம்புக்கு மட்டும் தோய்ச்சல் கொடுக்கிறார். ஒரே இரும்பில் இரண்டு குணம் வந்துவிடுகிறது.

பெங்களூரில் பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி உள்தெருக்களில் நடந்தால், இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிற பட்டறைகள் நிறைய இருக்கின்றன. வண்டியின் ஆக்சில் ஷாஃப்ட், கியர், லேத்தின் ஸ்பிண்டில், டிராக்டர் பின் என்று எதை எடுத்தாலும் தேவை அரிவாளின் தேவைதான். தேய்கிற மேல்பரப்பு கெட்டியாக இருக்க வேண்டும். அடி வாங்குகிற உள்பகுதி இளக்கமாக இருக்க வேண்டும். ஆனால் இங்கே உலை இல்லை, கரி இல்லை, துருத்தி இல்லை. செம்புக் குழாயை வளைத்துச் செய்த, 'காயில்' (coil) என்று சொல்கிற சுருள் ஒன்று இருக்கிறது. அதற்கு நடுவில் ஷாஃப்டை நிறுத்தி ஸ்விட்சைப் போட்டால், மூன்று நான்கு நொடியில் இரும்பு செக்கச் சிவக்கிறது. அந்தக் காயில் இரும்பைத் தொடவே இல்லை. சிவந்த இரும்புக்கு 2 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மெஷின்களை ஓட்டுகிற பையன்களில் நிறையப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். "இந்த ஜாப்புக்கு இந்த செட்டிங்" என்று அவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் (ஜாப் என்றால் காய்ச்ச வந்த இரும்புப் பாகம்). ஏன் அந்த செட்டிங் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. அந்த 'ஏன்' தெரியாமல் நானும் ஒரு காலத்தில் பட்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நஷ்டத்தில் பிறந்த தொழில்

நெருப்பில் இரும்பைக் காய்ச்சும்போது சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. மேலே பட்ட சூடு மெல்ல மெல்ல நடுப்பகுதிக்குப் பரவ வேண்டும். மின்தூண்டலில், அதாவது பட்டறைக்காரர்கள் சொல்கிற இண்டக்‌ஷனில், சூடு வெளியிலிருந்து வருவதே இல்லை. இரும்புக்குள்ளேயே பிறக்கிறது.

மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்துக்குள் ஒரு உலோகத்தை வைத்தால் அதில் மின்னோட்டம் தோன்றும் என்று 1831இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றினால் தட்டு சூடாகிறது என்று 1855இல் காட்டியவர் பிரான்ஸின் லியோன் ஃபூக்கோ. உலோகத்துக்குள் நீர்ச்சுழல் போலச் சுற்றும் அந்த ஓட்டத்துக்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். உலோகத்தின் மின்தடையை எதிர்த்து அது ஓடுவதால் சூடு உண்டாகிறது.

டிரான்ஸ்ஃபார்மர் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சூடு வெறும் நஷ்டம். அதைக் குறைக்கத்தான் டிரான்ஸ்ஃபார்மரின் நடுவிலுள்ள இரும்பை ஒரே கட்டியாக வைக்காமல், மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். அந்த நஷ்டத்தையே வேலையாக்கலாம் என்று யோசித்தவர்கள் பிறகு வந்தார்கள். 1887இல் ஃபெராண்டி தூண்டல் உலைக்குக் காப்புரிமை வாங்கினார். 1900இல் ஸ்வீடனில் ஷெல்லின் அப்படி ஓர் உலையில் எஃகு உருக்கினார். 1916 வாக்கில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் எட்வின் நார்த்ரப், நடுவில் இரும்பு உள்ளகம் இல்லாத, உயர் அதிர்வெண்ணில் ஓடும் உலையைச் செய்தார். இன்றைய ஃபவுண்டரிகளில் இருக்கும் உலைகள் அந்த வழியில் வந்தவை.

'உயர் அதிர்வெண்' என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ். இந்த எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட, சுழல் மின்னோட்டம் உலோகத்தின் உள்பகுதியை விட்டு வெளித்தோலை நோக்கி ஒதுங்குகிறது. எவ்வளவு ஆழம் வரை ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: உலோகத்தின் மின்தடை, அதன் காந்தத் தன்மை, நாம் கொடுக்கிற அதிர்வெண். முதல் இரண்டும் இரும்போடு வந்தவை. மூன்றாவதுதான் நம் கையில் இருக்கிறது. அதிர்வெண்ணை நாலு மடங்கு கூட்டினால் ஆழம் பாதியாகும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சிவக்கச் சூடான எஃகில் 1 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் சுமார் 17 மில்லிமீட்டர் ஆழம் வரை வேலை செய்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 5 மில்லிமீட்டர். 100 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 50 மில்லிமீட்டர் கம்பியை நடு வரைக்கும் காய்ச்சி, அடித்து வடிவமாக்கும் ஃபோர்ஜிங்குக்கு அனுப்ப வேண்டுமானால் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும். சின்ன கியரின் பல்லுக்கு மேல்தோல் மட்டும் கெட்டியாக வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் வேண்டும். கொல்லர் அரிவாளின் எந்தப் பக்கத்தைத் தோய்ப்பது என்று கையால் முடிவு செய்தார். இங்கே அந்த முடிவை அதிர்வெண் எடுக்கிறது.

உடைந்த பின்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டறையில் 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பின்கள் ஒரு லாட் வந்தன. EN8 என்ற ரக எஃகு, சுமார் 0.4 சதவீதம் கார்பன். மேலே ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் ஹார்டு ஆக வேண்டும் என்பது டிராயிங். காலியாக இருந்தது 10 கிலோஹெர்ட்ஸ் மெஷின். அதிலேயே போட்டோம். மேலே கடினம் சோதித்தபோது ராக்வெல் அளவு சரியாக இருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்சம் வளைந்திருந்த பின்களை நேராக்க பிரஸ்ஸில் வைத்ததும் கண்ணாடிக் குச்சி மாதிரி ஒவ்வொன்றாக உடைந்தன. உடைந்த முகத்தைப் பார்த்தால் நடுப்பகுதி வரைக்கும் ஒரே மாதிரி, மணல் போல நுண்ணிய சாம்பல் நிறம். உள்ளே இளக்கமே இல்லை.

காரணம் மேலே சொன்ன கணக்கில் இருக்கிறது. பின்னின் ஆரமே 6 மில்லிமீட்டர். 10 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சூடு உண்டாக்கினால், முழுப் பின்னும்தான் சிவக்கும். பவரைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் அந்தக் கனத்துக்கு அது தவறான மெஷின். மேஸ்திரி ஸ்டீலைக் குறை சொன்னார். ஸ்டீல்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். அதிர்வெண்ணை யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் எங்களில் யாருக்கும் அது தெரியாது. அந்த லாட்டின் காசு எங்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

எஃகை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தால், உள்ளிருக்கும் கார்பன் வெளியேற நேரம் கிடைக்காமல் மாட்டிக்கொள்கிறது. அப்போது உருவாகும் கெட்டியான அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அது உருவாகும்போது இரும்பு கொஞ்சம் பருக்கிறது. மேல்தோல் மட்டும் பருத்து, உள்பகுதி பழையபடியே இருந்தால், உள்பகுதி மேல்தோலைப் பிடித்து இறுக்கி வைத்துக்கொள்ளும். அப்படி இறுக்கத்தில் இருக்கும் மேல்தோலில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. இண்டக்‌ஷன் செய்த ஷாஃப்ட் லட்சக்கணக்கான சுழற்சிகளைத் தாங்குவதற்குக் கடினம் பாதிக் காரணம், இந்த இறுக்கம் மீதிக் காரணம் என்பேன். எங்கள் பின்களில் உள்பகுதியும் சேர்ந்து பருத்ததால் இறுக்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹார்டனிங் முடிந்தவுடன் 150 முதல் 200 டிகிரியில் டெம்பரிங் செய்யச் சொல்வார்கள், அதாவது மிதமாகத் திரும்பச் சூடாக்கி முறுக்கைத் தணிப்பது. அவசரத்தில் அதை 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. யாரும் தொடாமலே டப்பாவில் கிடந்த ஜாப் மறுநாள் காலையில் விரிசலோடு இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெஷின் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று: "அண்ணா, பாதி ஹீட்டிங்ல மீட்டர் சட்டுனு ஆடி வேற எடத்துக்குப் போவுது. மெஷின்ல ஏதாச்சும் கோளாறா?" கோளாறு இல்லை. இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத் தன்மையை இழக்கிறது. அதுவரை 10 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் வெறும் 0.2 மில்லிமீட்டர் தோலில் ஓடிக்கொண்டிருக்கும். காந்தத் தன்மை போனதும் அதே மின்சாரம் 5 மில்லிமீட்டருக்குப் பரவுகிறது. இருபது மடங்குக்கு மேல் மாற்றம் நடக்கும்போது மீட்டர் ஆடத்தான் செய்யும். கொல்லர் நிறத்தில் பார்த்ததை நீங்கள் மீட்டர் முள்ளில் பார்க்கிறீர்கள் என்று பையன்களிடம் சொல்வேன்.

காயில் செய்கிறவர்கள்

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் மரியாதை உள்ள ஆட்கள் காயில் செய்கிறவர்கள். புத்தகத்தில் சூத்திரம் இருக்கிறது. ஆனால் ஜாப்பில் கீவே என்ற நீளப் பள்ளம் இருக்கும், எண்ணெய் போக ஆயில் ஹோல் இருக்கும், படி படியாக விட்டம் மாறும். ஓரங்களில் மின்னோட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போவதால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகக் காய்ந்து கெட்டுப்போகும். அதைத் தவிர்க்க எங்கே இடைவெளியைக் கூட்டுவது, எங்கே வளைவை நெருக்குவது என்பது அனுபவத்தில் மட்டும் வருகிற அறிவு. அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால்கூட ஹார்டு ஆகும் ஆழம் மாறிவிடும்.

காயில் ஏன் குழாயாக இருக்கிறது என்று பலர் கேட்டதில்லை. மின்சாரம் தோலில்தான் ஓடும் என்ற விதி காயிலுக்கும் பொருந்தும். 10 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் அது 0.66 மில்லிமீட்டர்தான் போகிறது. கெட்டிக் கம்பியாக இருந்தால் நடுப்பகுதிச் செம்பு சும்மா கிடக்கும். அந்த இடத்தைக் காலியாக்கித் தண்ணீரை ஓட விட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும் செம்பு, அந்தத் தண்ணீர் நின்றால் நொடிகளில் உருகிப்போகும்.

பெங்களூரில் இந்தத் தண்ணீர் பெரிய தலைவலி. போர்வெல் தண்ணீர் கடினமான தண்ணீர். குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து வழியை அடைக்கும். 2024 கோடையில் நகரத்தின் போர்வெல்கள் பல வற்றி, ஊரே டேங்கருக்குக் காத்துக் கிடந்தது. தாது நீக்கிய தண்ணீரை மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓட விடும் அமைப்புக்கு முதலில் செலவு கூடும்தான். ஆனால் மெஷினுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. புதிதாக மெஷின் வாங்குகிறவர்கள் இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பக்கத்துத் தெருவில் வளர்ந்த ஸ்விட்ச்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸாக மாற்றுவது எப்படி? ஆரம்பத்தில் மோட்டார் ஜெனரேட்டர்கள். சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அவை போகாது, சத்தமோ காதைப் பிளக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ரேடியோ நிலையத்தில் இருப்பது போன்ற பெரிய வால்வு, அதாவது வெற்றிடக் குழாய். ஆயிரக்கணக்கான வோல்ட், காலையில் வந்ததும் ஃபிலமெண்ட் சூடாகக் காத்திருத்தல், உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும் பங்கு வால்விலேயே சூடாக வீணாதல் என்று அதன் தொல்லைகள் பல. 1957இல் தைரிஸ்டர் என்ற மின்னணு ஸ்விட்ச் வந்தது, நடுத்தர அதிர்வெண்ணுக்கு அது போதும். அதற்கு அடுத்த பெரிய மாற்றம், பெரிய மின்சாரத்தை வேகமாக நிறுத்தி நிறுத்தி ஓடவிடும் ஸ்விட்சாக வேலை செய்கிற ஐ.ஜி.பி.டி. (IGBT) என்ற டிரான்சிஸ்டர்.

அதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது பெங்களூரின் ஜாலஹள்ளியில். பிறகு ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து 1969இல் பட்டம் பெற்றவர். ஜாலஹள்ளி எங்கே இருக்கிறது? மெட்ரோவில் பீன்யா இண்டஸ்ட்ரிக்கு அடுத்த நிலையம். அவருடைய கண்டுபிடிப்பு இன்று ரயில் எஞ்சின்களிலும் மின்சாரக் கார்களிலும் இருக்கிறது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பைத் திறந்து பார்த்தாலும் அதுதான் கண்ணில் படும். 2011இல் அமெரிக்க அரசின் தொழில்நுட்பத்துக்கான தேசியப் பதக்கம், 2024இல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு என்று உலகம் அவரைக் கொண்டாடிவிட்டது. பீன்யாவில் அந்த ஸ்விட்சைத் தினமும் ஆயிரம் தடவை தட்டுகிற பையன்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் அவருடைய படம் ஒன்று இருக்க வேண்டும்.

உலோகம் இல்லாதவற்றின் கதை

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம் ஓடக்கூடிய பொருள்களுக்கு. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. அதைக் காயிலுக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. அதற்கு வழி வேறு: இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே பொருளை வைத்து, தட்டுகளின் நேர்மின், எதிர்மின் நிலைகளை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மாற்றுவது.

பி.வி.சி.யின் மூலக்கூறில் குளோரின் பக்கம் கொஞ்சம் எதிர்மின் சாய்வு, மறுபக்கம் கொஞ்சம் நேர்மின் சாய்வு. புலம் திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்க்கிறது. பக்கத்து மூலக்கூறுகள் விடுவதில்லை. அந்த இழுபறி சூடாகிறது. பாலித்தீனில் அப்படிப்பட்ட சாய்வு கிடையாது. அதனால் ரெயின்கோட்டின் பி.வி.சி. ஒட்டும் மெஷினில் பாலித்தீன் பையை வைத்தால் குளிர்ந்தே கிடக்கும். பிளாஸ்டிக்கெல்லாம் ஒன்றுதானே என்று ஆர்டர் பிடித்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இந்த முறையில் உண்டாகும் சூடு, அதிர்வெண்ணை இரட்டித்தால் இரட்டிக்கும். தட்டுகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும். அப்படியானால் மின்னழுத்தத்தைக் கூட்டுவதுதானே லாபம் என்று தோன்றும். கூட்டினால் ஒரு கட்டத்தில் பொறி பாய்ந்து ஷீட்டில் ஓட்டை விழும். அதனால்தான் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. சூடான இரும்பால் இரண்டு ஷீட்டை ஒட்டினால், இரும்பு பட்ட வெளிப்பக்கம் முதலில் இளகும். ஒட்ட வேண்டிய நடுப்பகுதி கடைசியாக. மெகாஹெர்ட்ஸ் மெஷினில் ஷீட்டின் முழுக் கனத்திலும் சூடு பிறக்கிறது. வெளிப்பக்கத்தைக் குளிர்ந்த உலோக அச்சு தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே சூடு தங்குவதில்லை. எங்கே ஒட்ட வேண்டுமோ அந்த நடுக்கோட்டில்தான் அதிகபட்ச சூடு இருக்கும். ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தவர்கள் கவனித்திருக்கலாம்: பையின் டியூபை ஒரு சின்னக் கருவியின் வாயில் வைத்து அழுத்துவார்கள், ஓரிரு நொடியில் டியூப் தட்டையாகி மூடிக்கொள்ளும். ரத்தம் சிந்தாமல், கத்தி படாமல் அந்த மூடலைச் செய்வது இதே முறைதான், பெரும்பாலும் 40.68 மெகாஹெர்ட்ஸில்.

அந்த எண் ஏன் இவ்வளவு குறிப்பாக இருக்கிறது? இவ்வளவு வேகத்தில் மாறும் மின்சாரம் ரேடியோ அலையாக வெளியே கசியும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒரு ரெயின்கோட் பட்டறை விமானங்களின் ரேடியோத் தொடர்பையே கெடுத்துவிடலாம். 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அதிர்வெண்களை ஒதுக்கியது. இன்று அந்தப் பட்டியலில் இருப்பவை 13.56, 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸ், பிறகு மைக்ரோவேவின் 2,450 மெகாஹெர்ட்ஸ் போன்றவை. முதல் எண்ணை இரண்டால் பெருக்கினால் இரண்டாவது, மூன்றால் பெருக்கினால் மூன்றாவது. மெஷின் தன் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியவிடும். அந்தக் கசிவும் ஒதுக்கப்பட்ட இடத்திலேயே விழட்டும் என்பதற்கு இந்த அமைப்பு உதவுகிறது.

மைக்ரோவேவ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2,450 மெகாஹெர்ட்ஸ் என்பது தண்ணீர் மூலக்கூறு 'ஒத்ததிரும்' அதிர்வெண், அதனால்தான் உணவு சூடாகிறது என்பார்கள். அப்படி இல்லை. அறை வெப்பத்தில் தண்ணீர் இந்த ஆற்றலை மிக அதிகமாக உறிஞ்சுவது கிட்டத்தட்ட 20,000 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அதிர்வெண்ணில் அடுப்பு செய்தால் மேல்தோலிலேயே எல்லாம் உறிஞ்சப்பட்டு, சாதத்தின் உள்பகுதி சில்லென்று இருக்கும். கொஞ்சம் 'குறைவாக' உறிஞ்சப்படுவதால்தான் அலை உள்ளே போக முடிகிறது. இரும்பில் பார்த்த அதே ஆழக் கணக்கு இங்கேயும் திரும்பி வருகிறது.

சாயமிட்ட நூலைக் காய வைப்பதிலும் இது பயன்படுகிறது. நூல் கோனின் வெளிப்பக்கம் காற்றில் சீக்கிரம் காயும், நடுவில் ஈரம் நிற்கும். ரேடியோ அதிர்வெண் உலரியில் எங்கே தண்ணீர் அதிகமோ அங்கேதான் அதிகச் சூடு பிறக்கும். காய்ந்த இடம் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

கையில் போட்டிருப்பதைக் கழற்றுங்கள்

கடைசியாகப் பாதுகாப்பு. ஓடுகிற காயிலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கையில் மோதிரம் இருந்தால் கதை வேறு. முழு வட்டமாக மூடிய எந்த உலோகமும் அந்தக் காந்தப்புலத்தில் ஒரு சுற்று மட்டுமே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் காயில் ஆகிவிடும். தங்கமானாலும் வெள்ளியானாலும் சரி, விரலில் இருக்கும்போதே காய்ந்துவிடும், கழற்ற நேரம் இருக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மெஷின் பக்கமே வரக்கூடாது. மெகாஹெர்ட்ஸ் மெஷினின் தட்டைத் தொட்டால் உண்டாகும் தீப்புண் தோலுக்கு அடியில் ஆழமாக இருக்கும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரிவதால் 'ஒண்ணுமில்ல' என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அம்மா போட்டுவிட்ட வெள்ளி மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று நின்றான். அவனிடம் வாதாடவில்லை. அதே அளவில் ஒரு இரும்பு வளையத்தை நூலில் கட்டிக் காயிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, மெஷினை இரண்டு நொடி ஓட்டினேன். நூல் கருகி, சிவந்த வளையம் கீழே விழுந்தது. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "வெள்ளிகூட இப்டித்தான் ஆவுமா அண்ணா?" என்று கேட்டான். இவ்வளவு வேகமாக இல்லை, ஆனால் விரல் வேக அவ்வளவு வேகம் தேவையில்லை என்றேன். ஸ்விட்ச் பாக்ஸுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு ஆணி அடித்திருக்கிறோம். காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது அவன் மோதிரம்தான் அதில் முதலில் ஏறுகிறது.